பூதக்கண்ணாடி வாங்கிய கார்ட்ரிட்ஜ்

எந்தப் பெட்டியையும் பிரிப்பதற்கு முன் என் வீட்டு உரிமையாளர் அதை மூக்கருகே கொண்டுபோய் இரண்டு தரம் மோந்து பார்க்கிறார். புதுப் பெட்டிக்கு ஒரே பசை வாசனைதான் இருக்குமாம். பிரித்து மறுபடி ஒட்டியதில் இரண்டு வருமாம். "என் மூக்கை ஏமாத்த முடியாது சார்" என்கிறார். பிறகு விளிம்பை நகத்தால் வருடி, அச்சடித்த எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். உள்ளே இருப்பது பல் துலக்கும் பிரஷ்ஷாக இருந்தாலும் இதே விசாரணைதான்.

அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வாகனக் காப்பீட்டில் சேத மதிப்பீட்டாளர். அடிபட்ட கார் வந்தால், அடி நேற்றுப் பட்டதா போன வருஷம் பட்டதா என்று சொல்ல வேண்டும். நசுங்கிய தகரத்தின் மடிப்புக்குள் விரலை விட்டுத் துருவைத் தேய்த்துப் பார்ப்பார். கார்க்காரர் கண் கலங்கக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "நாய் குறுக்க வந்துச்சுன்னீங்க, எந்தப் பக்கத்துலேர்ந்து?" என்பார். பத்து நிமிஷம் கழித்து, "நாய் என்ன கலர்?" கிளம்பும்போது, "இடது பக்கத்துலேர்ந்துதானே வந்துச்சு?" இருபத்தாறு வருஷமாக இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் சம்பளம் வாங்குகிறார்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். வாடகைக்கு வந்தபோது, முந்தைய வீட்டை ஏன் காலி செய்தேன் என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்றுக்கும் ஒரே பதில் வந்ததால் சாவி கிடைத்தது.

இந்த மனிதருக்கு ஒரே ஒரு ஆடம்பரம், இசைத்தட்டு. முன்னறையில் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், இரண்டு ஸ்பீக்கர்கள், சரியாக நடுவில் ஒரு நாற்காலி. அதன் கால்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்திருக்கிறார். இந்த வருஷ ஆரம்பத்தில், தட்டின்மேல் ஓடும் ஊசி பொருத்திய பழைய கார்ட்ரிட்ஜில் வலது பக்கம் மங்கிவிட்டது என்று கண்டுபிடித்தார். மாற்றுவதே மாற்றுகிறோம், ஒருபடி மேலே போகலாம் என்று மூவிங் காயில் வகையில் ஆசை வந்தது.

சாதாரண வகையில் ஊசியோடு சேர்ந்து ஆடுவது காந்தத் துணுக்கு. இதில் ஆடுவது தலைமயிரைவிட மெல்லிய கம்பிச் சுருள். அது லேசு என்பதால் தட்டின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும் நுணுக்கமெல்லாம் வெளியே வருமாம். ஆனால் விலை கூடுதல், சத்தம் குறைவு, ஊசி தேய்ந்தால் முழுசையும் மாற்ற வேண்டும். வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய பாராட்டுகளை இரண்டு மாதம் படித்தார். "புகழறவன் எல்லாம் ஓசியில வாங்கினவன். திட்டறவன் பக்கத்துக் கடைக்காரன்" என்று முடிவுக்கு வந்தார்.

தையல் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இந்தச் சாமான்களை விற்கும் கடை. நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி, அளந்து பேசுகிறவர். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று பூதக்கண்ணாடி என்னையும் அழைத்துப் போயிருந்தார்.

"ஊசியை மட்டும் ஏன் மாத்த முடியாது?"

"சுருளோட சேத்து ஒட்டியிருக்கு சார்."

"யாரு ஒட்டினது?"

"கம்பெனிக்காரங்கதான்."

"அதான் கேக்கறேன், எதுக்கு ஒட்டினாங்க?"

கடைக்காரம்மா மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவதன் சத்தம் மிகவும் குறைவு. அதைத் தூக்கிக் கொடுக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும். "ஒண்ணை வாங்க வச்சு இன்னொண்ணையும் தலையில கட்டறது" என்று இவர் என் காதில் சொன்னார். இரண்டாவது ஒருவர் பயன்படுத்தி விற்றது. வீடு மாறுவதால் விற்றாராம். "வீடு மாறினா பீரோவை விக்கலாம். கட்டைவிரல் அளவு சாமானை எதுக்கு விக்கணும்?" மூன்றாவதில் சுருள் சற்றுப் பெரியது, சத்தம் கூடுதல், அவரிடம் ஏற்கெனவே இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கே போதும். மூன்றிலும் விலை குறைந்தது அதுதான்.

"முதல் தடவை வாங்கறீங்க. உங்க செட்டுக்கு இதுவே சரியா இருக்கும்" என்றார் கடைக்காரம்மா.

அங்கேதான் வந்தது வினை. படி இறங்கும்போது இவர் கேட்டார்: "விலை கம்மியானதைக் கடைக்காரங்களே வாங்கச் சொல்றாங்கன்னா என்ன அர்த்தம்?"

"நல்லவங்கன்னு அர்த்தம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு அவங்க சொந்தமா?"

வேறு நான்கு கடைகளை அலசிவிட்டு, குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், ஐந்து வாரம் கழித்து அதையே வாங்கினார். பூதக்கண்ணாடியும் குறடுமாக அரை நாள் உட்கார்ந்து, நான்கு நிற வயர்களையும் தானே மாட்டினார். முதல் தட்டைப் போட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. முகம் கறுத்தது. வலது பக்கம் அதே மங்கல்.

கடைக்குப் போன் போட்டார். "ரிட்டர்ன் வந்த பீஸை எனக்குத் தள்ளி விட்டுட்டீங்கம்மா."

"நாளைக்குக் கடை லீவு. நானே வந்து பாக்கறேன்" என்றார் கடைக்காரம்மா.

காலை பத்து மணிக்கு ஒரு சின்னத் துணிப்பையோடு வந்தார். இவர் பெட்டி, ரசீது, உத்தரவாத அட்டை எல்லாவற்றையும் மேஜைமேல் தடயங்களைப் போல வரிசையாக வைத்திருந்தார். கடைக்காரம்மா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் சரியாத்தான் இருக்கு சார்."

"உங்களுக்கு அப்படித்தான் கேக்கும்."

கடைக்காரம்மாவின் உதடு இறுகியது. குறடை எடுத்தார். "வயரை இடம் மாத்திப் போடறேன். பீஸுல கோளாறுன்னா மங்கல் இப்ப இடது பக்கம் வரணும்."

வரவில்லை. வலது பக்கமே மங்கல். அப்படியானால் ஸ்பீக்கர் என்றார் இவர். நானும் ஒரு கை பிடிக்க, இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றினோம். அப்போதும் வலதுதான். அப்படியானால் அறையின் சுவர் என்றார்.

கடைக்காரம்மா சற்று யோசித்தார். குரல் தணிந்திருந்தது. "நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்க சார். ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி."

"எதுக்கு?"

"உட்காருங்களேன்."

உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் அவருக்கு இடது பக்கம் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் இப்போது வலது கைப்பக்கம் வந்திருந்தது. ஒரு நிமிஷம் கேட்டார். வலது கை தானாக உயர்ந்து பின்பக்கம் அதைச் சுட்டியது. "இதான் மங்…" என்றவர் நிறுத்தினார். நீட்டிய கையை இறக்க மறந்துவிட்டார். அவருக்கு எதிரே சுவரோரம் நின்ற நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். "ஒரு வருஷமா நானும் பொண்ணும் குசுகுசுன்னு ஏதோ பேசறோம்னு சண்டை போட்டீங்களேங்க" என்றார். கோபமே இல்லாத குரல். "நாங்க சத்தமாத்தான் பேசினோம்."

அவர் திரும்பாமலே கேட்டார்: "எந்தப் பக்கம் உக்காந்து பேசினே?"

"வலது பக்கம்தான். சாப்பாட்டு மேஜையில என் இடம் அதுதானே."

கடைக்காரம்மா வயர்களைப் பழையபடி மாட்டி, பையைக் கட்டிக்கொண்டு, வாசற்படி இறங்கிப் போனார்.

காது டாக்டரிடம் நானும் கூடப் போனேன். சோதனைக்குக் காதில் மாட்டும் கருவியை இவர் வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். சோதனை முடிந்ததும், "இடது வலது மாத்தி மாட்டி இன்னொரு தடவை பண்ணுங்க" என்றார். பண்ணினார்கள். ஊருக்கு மறுகோடியில் இன்னொரு டாக்டரையும் பார்த்தார். வலது காதின் நரம்பு தேய்ந்துவிட்டது, உயர்ந்த சுருதிகள் அதில் இனிக் கேட்காது என்று இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். "ரெண்டு பேரும் கூட்டா இருப்பாங்களோ?" என்று ஆட்டோவில் கேட்டார்.

அடுத்த வாரம் கடைக்குப் போனார். மற்ற வாடிக்கையாளர்கள் போகும்வரை மூலையில் நின்றுவிட்டு, "என் ரிப்போர்ட் தப்பும்மா" என்றார். உத்தியோகத்தில் ஒருநாளும் அவர் எழுதியிராத வாக்கியம் அது.

கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஊசியை எப்படித் துடைக்கறீங்க?"

காற்றில் குறுக்காக விரலை ஓட்டிக் காட்டினார்.

"குறுக்க தொடவே கூடாது. பின்னாலேர்ந்து முன்னால, ஒரே இழுப்பு." இழுப்பறையிலிருந்து ஒரு சின்னத் தூரிகையை எடுத்து நீட்டினார். இவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சந்தேகம் குறைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். போன வாரம்கூட, என் வீட்டு மின்கட்டணம் எப்படித் திடீரென்று குறைந்தது என்று இரண்டு விதமாக விசாரித்தார். மூன்றாவது இனிமேல் வரும்.

அவருடைய ஆம்ப்ளிஃபையரில், சத்தத்தை இடமோ வலமோ ஒதுக்குவதற்கு ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் தொடுகிறவர்களை அரைகுறைகள் என்று திட்டியவர், இப்போது மாலையில் தட்டைப் போட்டதும் அதைக் கால் சுற்று வலப்பக்கம் திருப்பிவிட்டு உட்காருகிறார். ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, பாதி உரித்த பட்டாணிக் கிண்ணத்தோடு அவர் மனைவி வந்து நின்று, "நானும் கொஞ்ச நேரம் கேக்கட்டுமா?" என்றார். இவர் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். மனைவி உட்கார்ந்ததும் ஆம்ப்ளிஃபையரிடம் போய்க் குனிந்து, குமிழை மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.