கம்பிக்குச் சிமெண்ட் பால்

அத்தை வீட்டு மொட்டை மாடி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கம்பிகள்தான். கீழ்த்தளத்துத் தூண்கள் முடிகிற இடத்தில் கொத்துக் கொத்தாக இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மாடி எடுக்கும்போது சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று கொத்தனார் விட்டுவைத்தவை. திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் நாலு வீட்டிலாவது இப்படிக் கம்பி தெரியும். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடு என்றால் கொஞ்சம் கூடுதல் நீளமாகவே விட்டிருப்பார்கள். அவ்வளவு நம்பிக்கை. புரட்டாசி பிறந்ததும் அத்தை ஒரு வாளியில் சிமெண்டைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுவார். மழைக்கு முன்னால் சிமெண்ட் பால் அடித்துவிட்டால் கம்பி துருப்பிடிக்காது. வாளியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் ஊர் நத்தத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருந்தது. கல்லூரிக்கு வந்துபோகப் பஸ் தோதுப்படாததால் படிப்பு முடியும்வரை அத்தை வீட்டில்தான் இருந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா வெல்டர். காபோன் என்கிற நாட்டில், கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற மேடைகளில் குழாய் பற்றவைக்கிற வேலை. வீட்டுக்கு வருகிறவர்கள், "துபாயா, சவுதியா?" என்று கேட்பார்கள். காபோன் என்றதும், "அது எங்கிட்டு இருக்கு?" என்பார்கள். அத்தை மேற்கே கையைக் காட்டி, "அரபு நாட்டத் தாண்டி, ஆப்பிரிக்காவுலயும் அந்தக் கடைசிக் கரை" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்துவிடுவார்.

எனக்கு அந்த நாட்டைக் காட்டியவர் மாமாதான். விடுமுறையில் வந்தால், சாப்பிட்டு முடித்த கையோடு டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து மேசைமேல் படம் போடுவார். இது கடல். இது ஆறு, பெயர் ஒகோவே. வைகையைப் போல மணல் கிடக்கிற ஆறு அல்ல. வருஷம் முழுக்கத் தண்ணீர். குறுக்கே ஒரு கோடு இழுத்து, இது பூமத்திய ரேகை என்பார். மீதி மேசை முழுவதையும் உள்ளங்கையால் தடவி, "இம்புட்டும் காடு" என்பார். ஆறு கடலில் விழுகிற இடத்தில் சதுப்பு நிலம். அதன் வாயில் எண்ணெய்க் கம்பெனிகளின் ஊர். அங்கிருந்து தலைநகருக்குச் சாலை கிடையாது. கப்பலில் போகவேண்டும், இல்லையென்றால் விமானத்தில்.

"ஒரே நாட்டுக்குள்ள ரோடு போட மாட்டாங்களா?" என்று நான் கேட்டேன்.

"சேத்துல எங்கிட்டுப் போட? தண்ணியும் காடும் விட்டாத்தானத்தா" என்றார்.

ஆனால் அத்தையால் நம்ப முடியாதது சாலை விஷயம் அல்ல, தக்காளி விஷயம். அங்கே தக்காளி பக்கத்து நாட்டிலிருந்து படகில் வருகிறதாம். கோழிக்கறி உறைந்துபோய்க் கப்பலில் வருகிறதாம். வெங்காயம், அரிசி எல்லாம் கடல் தாண்டி வந்தாக வேண்டுமாம். மரவள்ளிக் கிழங்குதான் சொந்த மண்ணில் விளைந்தது என்று சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறதாம். "குச்சிய ஊனுனாத் தளிர்க்கிற மண்ணுன்னு சொன்னீக. அம்புட்டு மழ பெய்யுற ஊருல எதுக்கு வாங்கித் திங்கணும்?" என்று அத்தை ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்பார். மாமாவும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார். "எண்ணெய வித்து வாங்கிக்கிறலாம்ல. அப்பறம் எதுக்கு வெயில்ல நின்டு வெட்டணும்?"

எங்கள் சனத்துக்கு மழைதான் செல்வம். மேகம் கூடிக் கலைந்துபோவதைப் பார்த்தே தலை நரைத்தவர்கள். மாமா அந்த நாட்டுக்குக் கிளம்பியபோது சொந்தக்காரர்கள் எல்லாம் அத்தையிடம் சொன்ன ஆறுதல், "மழ கொட்டுற ஊராம்ல, அங்க பஞ்சம்னு ஒண்ணு வரவே வராது" என்பதுதான். மழை இருந்தும் பஞ்சம் வரும், அது தரைக்கு அடியிலிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

இதைச் சொல்லும்போது அத்தையின் பூந்தோட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நிலக்கோட்டைப் பக்கம் அவருக்குத் தாய்வீட்டில் கொடுத்த மல்லிகைத் தோட்டம் ஒன்று இருந்தது. மல்லிகையை மொட்டிலேயே, வெயில் ஏறும் முன் எடுத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கருக்கலில் எழுந்து, ஈரத்தில் குனிந்து, விரல் நுனி வெளுத்துப் போகும்வரை எடுக்கவேண்டிய வேலை. மாமாவின் சம்பளம் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் அத்தை தோட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டார். "அவருதேன் அனுப்புறாரே, இடுப்பு ஒடிய எதுக்கு?" என்று எல்லோரும் சொன்னார்கள். கிணற்றின் மேல்சுவர் ஒருபக்கம் சரிந்து உள்ளே விழுந்தது, அதையும் கட்டவில்லை. மாமாவின் மேசைப் படத்தையும் இந்தத் தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த நாட்டுக்காரர்களின் சாமர்த்தியக் குறைவைப் பற்றி எங்கள் வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

டிவி செய்தியில் அடியில் ஓடும் வரிகளை அத்தை அளவுக்குக் கவனமாகப் படித்தவர் திண்டுக்கல்லிலேயே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தங்கம் விலை ஓடும், வெள்ளி ஓடும்; அத்தைக்கு அதெல்லாம் கண்ணில் படாது. 'கச்சா எண்ணெய் விலை சரிவு' என்று வந்துவிட்டால் கையில் இருக்கிற வெங்காயம் கையிலேயே இருக்கும். பெட்ரோல் விலை குறையப்போகிறது என்று பக்கத்து வீட்டில் சந்தோஷமாகப் பேசிக்கொள்வார்கள். அத்தை வாசல் கதவைச் சாத்திவிடுவார். எண்ணெய் விலை இறங்கினால் கம்பெனிகள் முதலில் கை வைப்பது வெளிநாட்டு ஆட்களின் மேல்தான் என்று மாமா எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருந்தார். அத்தை மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். ஒருநாள் திரும்பி வரும்போது என்னிடம், "ஊரே வெல கொறையணும்னு வேண்டுது. நான் ஒருத்தி ஏறணும்னு வேண்டுறேன். மாதாவும்தேன் யாரு பேச்சக் கேப்பா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மாமா போனில் அதிகம் பேசுகிறவர் அல்ல. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, அவ்வளவுதான். ஆனால் புரட்டாசி மாதத்தில் மட்டும் தவறாமல் ஒன்று கேட்பார். "கம்பிக்குப் பால் அடிச்சாச்சா?" அங்கேயும் மழையில்லாத மாதங்கள் போய் மழை தொடங்குவது ஏறக்குறைய அதே சமயத்தில்தான். அவர் தங்கியிருந்த ஊரில் எண்ணெய் விலை ஏறிய காலத்தில் ஆரம்பித்து, இறங்கிய காலத்தில் நின்றுபோன கட்டடங்கள் நிறைய உண்டாம். தூண் தூணாக நிற்கும் கம்பிகள் மழையில் துருவேறி, சிவப்புத் தண்ணீர் சுவரில் வழிந்து, கொடி படர்ந்து, கடைசியில் காடே அவற்றை எடுத்துக்கொள்ளுமாம். அந்தக் கட்டடங்களைக் கடந்து வேலைக்குப் போகும்போதெல்லாம் அவருக்குத் தன் வீட்டு மாடி ஞாபகம் வருமாம். நான் மாடியில் வாளியோடு நிற்கும்போது கீழே போன் அடித்தால் அத்தை முகம் மலர்ந்துவிடும். "பாரு, கேக்கப் போறாரு" என்பார். புருஷன் பெண்டாட்டி ஆசையாகப் பேசிக்கொண்டதென்று நான் கேட்டது இந்த ஒரு வரியைத்தான்.

என் படிப்பு முடிகிற வருஷம் எண்ணெய் விலை விழத் தொடங்கி, விழுந்துகொண்டே இருந்தது. மாமா போனில் எப்போதும்போலப் பேசினார். வேலை நன்றாகப் போகிறது, கவலைப்படாதே என்றார். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை பேசி முடித்துவிட்டு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று கோயிலில் என்ன பிரசங்கம் என்றுகூட மாமா கேட்டாராம். அப்படிக் கேட்கிறவரே இல்லை.

"என்னத்தை, ஏதும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. கம்பியப் பத்திக் கேக்கலத்தா."

"மறந்திருப்பாரு."

"மறக்குற மனுசன் இல்ல. மாடி வராதுன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. என்கிட்டச் சொல்ல வாய் வரல."

மறுநாள் காலையில் அத்தை நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். தோட்டம் தோட்டமாக இல்லை. செடிக்குச் செடி கோரை மண்டி, கிணற்றில் பாதி தூர்ந்து, எட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது. வரப்பில் நின்று அத்தை அழுதார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் களையெடுக்க ஆள் கேட்கப் போய்விட்டார். ஐப்பசி மழை ஓய்ந்ததும் செடிகளைக் கவாத்து செய்தார்கள். கிணற்றுச் சுவருக்குத்தான் கம்பி வேண்டியிருந்தது. புதிதாக வாங்கலாம் என்று கொத்தனார் சொன்னார். அத்தை அவரைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிவந்து மாடியைக் காட்டினார். கட்டர் மெஷின் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்து பார்த்தது. அத்தை உள்ளே போய், அது முடிகிறவரை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். அறுத்த துண்டுகளை ஒன்றோடொன்று கட்டிக் கிணற்றைச் சுற்றி ஒரு வளையமாகக் கான்கிரீட் போட்டார்கள். அது இன்றைக்கும் நிற்கிறது.

மாமா உண்மையில் ஆவணி மாதமே வேலை போய், பாக்கிச் சம்பளமும் பயணச்சீட்டும் கம்பெனி கொடுக்கும் என்று அந்த ஊரில் காத்துக் கிடந்திருக்கிறார். தக்காளி விலைக்குப் பயந்து கிழங்கை அவித்துத் தின்று நாளைத் தள்ளியிருக்கிறார். பங்குனியில் வந்து சேர்ந்தார், பாதி ஆளாக. வந்த அன்றே மாடிக்கு ஏறினார். நானும் அத்தையும் கீழே நின்றோம். செத்த நேரம் கழித்து இறங்கி வந்தவர், "எங்க வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். "கெணத்துல" என்றார் அத்தை. மறுநாள் அத்தையோடு தோட்டத்துக்குப் போனார். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறார்.

எண்ணெய் விலை மறுபடி ஏறினால் சனங்கள் பழசை மறந்துவிடுவார்கள். நானும் சனங்களில் ஒருத்திதானே. என் வீட்டுக்காரர் பைப் ஃபிட்டர். அவருக்கு வந்த வேலை வேறெங்கும் இல்லை, அதே நாடு, அதே கரை. மாமா போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பழனி ரோட்டுக்குப் பக்கத்தில் கீழ்த்தளம் கட்டி முடித்தோம். கொத்தனார் கேட்காமலேயே கம்பி விட்டுவைத்தார். ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அனுப்புவது போதும் என்று அதையும் விட்டுவிட்டேன். அத்தை மாமா கதையை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் வருஷா வருஷம் புரட்டாசியில் கேலியாகக் கேட்பார்: "டீச்சரம்மா, கம்பிக்குப் பால் அடிச்சாச்சா?"

இந்தப் புரட்டாசி முழுக்க டிவியில் அடியில் ஓடுகிற வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வெங்காயம் கையிலேயே நின்றுபோகிறது. பெட்ரோல் பங்கில் முன்னால் நின்றவர், "இன்னும் எறங்கணுங்க" என்று சொன்னபோது அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. நேற்று என் வீட்டுக்காரர் போனில் பேசினார். மழை தொடங்கிவிட்டது என்றார். மெஸ்ஸில் சாப்பாடு பரவாயில்லை என்றார். என் மூட்டுவலியைக்கூட மறக்காமல் விசாரித்தார். போனை வைத்த பிறகு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று சாயங்காலம் சிமெண்டைக் கரைத்து மாடிக்கு ஏறினேன். பாதிக் கம்பிக்கு அடித்தபின் கை ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து அத்தைக்குப் போன் செய்தேன். எனக்கென்று ஒரு தோட்டம் இல்லை, திரும்பிப் போக ஒரு கிணறு இல்லை, பயமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். அத்தை நம்பவில்லை.

"மாப்ள கேட்டாரா?"

"கேக்கல அத்தை."

அந்தப் பக்கம் மாமா ஏதோ கேட்பதும், அத்தை அவரைக் கையமர்த்துவதும் புரிந்தது. பிறகு அத்தை, "நாளைக்கு வெள்ளன மொத பஸ்ஸுக்கு நெலக்கோட்டைக்கு வந்துரு. தோட்டத்துல இன்னமும் பூ இருக்கு, எடுக்கத்தேன் ஆள் பத்தல" என்றார்.

சரி என்றேன். வாளியில் இருந்த பால் கெட்டியாக ஆரம்பித்திருந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, மிச்சக் கம்பிகளுக்கும் அடித்துவிட்டுக் கீழே இறங்கினேன்.