ஊசி வீக்கம் என்று சொல்லச் சொன்னார்

ஹெல்மெட்டால் அடித்தால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காது. என் கணவருக்கு அது நன்றாகத் தெரியும். சிம்பாங் பூலாய் கல்குவாரியில் லாரி ஓட்டுகிறவர். பல்லை உடைத்தார். விலா எலும்பை உடைத்தார். ஒவ்வொரு தடவையும் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நான்தான் ஊருக்குச் சொன்னேன்.

கோப்பெங் பக்கம் நம் பழைய ரப்பர் தோட்டத்தில், இதோ இதே காளியம்மன் முன்னால் நின்று, "ஒண்ணு அவர எடு, இல்ல என்ன எடு தாயே!" என்று கத்தியிருக்கிறேன். உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். அம்மன் அசையவில்லை. அவளோடும் சண்டை போட்டேன்.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகள் டிங்கிக் காய்ச்சலில் இறந்துபோனாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அந்த ஆத்திரத்தில்தான், ஈப்போவில் டிங்கித் தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்றதும் பெயர் கொடுத்தேன். பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. எனக்கு மருந்தே கிடைக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு இடது கையை நீட்டினேன்.

அந்த வாரமே, சோறு குழைந்துவிட்டது என்று அதே கையில் ஹெல்மெட் இறங்கியது. தோளிலிருந்து முழங்கைவரை கறுத்து வீங்கியது. கையைப் பரிசோதிக்கும் நாளில் அவரே என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

"ஊசி போட்டு வீங்கிருச்சின்னு சொல்லு. வேற ஏதாச்சும் சொன்னே, கொன்னுருவேன்" என்று கதவுவரை வந்து மிரட்டினார்.

என் கையைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சின்ன வயசுப் பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான். "இது ஊசியால வந்ததுன்னா எல்லாருக்குமே ஊசிய நிறுத்த வேண்டி வரலாம்க்கா. பயப்படாம சொல்லுங்க லா, ஊசிதானா?"

என் எலும்பை உடைப்பவரைக் காப்பாற்ற, பிள்ளைகளைக் காப்பாற்றக்கூடிய மருந்தின் மேல் பழி போடுவதா? அம்மன் என் தொண்டையில் வந்து நின்றாள் என்றுதான் சொல்வேன்.

"ஊசி இல்ல டாக்டர். என் புருஷன்."

வெளியே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவன் கதவை உதைத்துத் திறந்தான். ஆமாம், இனி அவனுக்கு என்ன மரியாதை? என் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். மறுபடியும் மோதினான். ரத்தம் கண்ணை மறைத்தது. விடாத அவன் கையை டாக்டரம்மா கடித்தே விட்டாள். காவலாளியும் நர்ஸும் ஓடிவந்து அவனைத் தரையில் அமுக்கினார்கள். போலீஸ் வரும்வரை கத்திக்கொண்டே கிடந்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நான் திரும்பவில்லை. ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, தனி அறை, நிம்மதியான தூக்கம்.

சோதனை முடிந்தபோது எனக்குப் போட்டது எது என்று சொன்னார்கள். உப்புத் தண்ணீர். விழுந்து விழுந்து சிரித்தேன். கேட்ட மருந்தை அம்மா தரவில்லை, உயிரைத் தந்திருக்கிறாள். அவளுக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டவள்.

அக்கா, தங்கச்சிகளே, இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு வருகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அம்மாவை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, "கையில என்னாச்சு?" என்று யாராவது விசாரித்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். யாருமே விசாரிக்கவில்லையா? பூசை முடிந்ததும் வாருங்கள், நான் கேட்கிறேன்.