கிரேன் ஏறுமுன் சாப்பிட்ட சாப்பாடு

கிரேன் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேலே ஏறிவிட்டால் லேசில் இறங்கி வர மனசு வராது; ஏணி அவ்வளவு உயரம். அதனால் காலையிலேயே ஒரு கட்டு கட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். அந்தக் கட்டட வேலையில் எல்லோரும் 'கழுகு' என்று கூப்பிடுகிற நம் ஆளும் அப்படித்தான். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்வார், வயிறு முட்டச் சாப்பிடுவார், ஏறுவார். பல வருஷமாக அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

கொஞ்ச நாளாகத்தான் வயிறு முரண்டு பிடித்தது. நாலு வாய் வைப்பதற்குள் நிரம்பிவிடும். ஒருநாள் சாயங்காலம் வாந்தி எடுத்தபோது காலையில் தின்ற கேரட் அப்படியே வந்து விழுந்தது. இதற்கு மனுஷன் என்ன செய்தார்? சர்க்கரைக்காரர்களுக்கு நார்ச்சத்து நல்லது என்று எங்கோ காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, இன்னும் ரெண்டு கேரட்டைப் பச்சையாகக் கடித்தார். அவர் மூளை அப்படி.

வீட்டில் வேறு புயல். தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்தால் எந்த மனைவி சும்மா இருப்பாள்?

"எவ கையால சாப்பிட்டுட்டு வர்றீங்க? சொல்லிடுங்க, நானும் போய் சமையல் கத்துக்கிட்டு வரேன்."

"வாயுத் தொல்லைம்மா. வேற ஒண்ணுமில்ல."

கேபினில் நடந்ததை அவர் அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஏறிக் கொஞ்ச நேரத்தில் வேர்க்கும், கை நடுங்கும், மிட்டாயை வாயில் போட்டால் அடங்கும். சாயங்காலம் பார்த்தால் சர்க்கரை எகிறிக் கிடக்கும். வெளியே சொன்னால் கிரேன் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் தான் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. இருப்புக் கொள்ளாமல், காலை ஆட்டிக்கொண்டே, சட்டைப்பையைத் தடவிக்கொண்டே வேலை பார்த்தார்.

கீழே வாக்கி டாக்கியோடு நின்று வழி சொல்கிற சிக்னல்காரன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. இவர்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டிருந்தார்.

அன்றைக்கு ஒரு கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, வலது பக்கம். இன்னும் கொஞ்சம் வலது."

அவர் கை இடது பக்கம் தள்ளியது.

"மாமா! வலதுன்னேன்!"

கட்டு ஆடிக்கொண்டே மச்சானின் தலைக்கு நேரே வந்தது. அவர் கை துவண்டு லீவரை விட்டதால் கிரேன் தானாக நின்றது. மச்சான் விழுந்தடித்து ஓடித் தப்பினான். மூச்சு வாங்கிக்கொண்டே, ஓடி வந்த சூப்பர்வைசரிடம், "காத்து சார். திடீர்னு ஒரு காத்து" என்று கூசாமல் புளுகினான். மிட்டாயை மென்று தெளிந்து அவர் இறங்கியதும் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அங்கே படத்தில் தெரிகிற மருந்து கலந்த முட்டையைத் தின்னக் கொடுத்து, அது வயிற்றை விட்டு எப்போது நகர்கிறது என்று மணிக்கணக்காகப் படம் எடுத்தார்கள். முட்டை நகருவேனா என்று அடம் பிடித்தது.

"பல வருஷ சர்க்கரையில வயித்துக்குப் போற நரம்பு சோர்ந்து போச்சு" என்றார் டாக்டரம்மா. "சாப்பாடு வயித்திலேயே தங்கிடுது. ஊசி அதுக்குள்ள வேலை செஞ்சுடுது. அப்ப சர்க்கரை விழுந்துடும். சாப்பாடு தாமதமா செரிக்கும்போது எகிறும்."

"அப்ப கேரட்?"

"பச்சையா வேணாம். எதையும் குழைய வேகவெச்சு, எண்ணெய் கம்மியா, கொஞ்சம் கொஞ்சமா பல தடவை சாப்பிடுங்க. சாப்பிட்டதும் படுக்காம நடங்க. ஊசி எப்ப, எவ்வளவுன்னு நான் மாத்தித் தரேன், நீங்களா கை வைக்காதீங்க. முழுசா குணமாகாட்டியும் கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். ஆனா சர்க்கரை ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் கிரேன் ஏறக் கூடாது."

கடைசியாகச் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. "காத்துன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்டா" என்று வழியெல்லாம் மச்சானிடம் கெஞ்சினார்.

மறுநாள் காலையில் ஏணியில் கை வைத்தார். இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி பேசியது.

"மாமா, நான் எடத்துக்கு வந்துட்டேன்."

திரும்பிப் பார்த்தார். நேற்று நின்ற அதே இடத்தில் மச்சான் முகம் வெளிறி நின்றான். அவருக்கு மனசு கேட்கவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போனார்.

"காத்து இல்ல சார். நான்தான்."

சீட்டு போயிற்று. வேறொரு ஓட்டுநர் ஏறினார். இவரை மச்சானோடு கீழே நிறுத்தினார்கள். மனைவி குழைய வேகவைத்துக் கொடுத்ததைச் சின்ன டப்பாவிலிருந்து கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, மணல் மேட்டைச் சுற்றி நடந்தார். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது. முதல் கம்பிக்கட்டு தலைக்கு மேலே வந்தபோதுதான் கீழே நிற்பது என்றால் என்னவென்று அவருக்குப் புரிந்தது. இத்தனை நாள் மிட்டாயை மென்றுகொண்டு, பக்கத்தில் நிற்கிற இவன் தலைக்கு மேலே கம்பியை ஆட்டியிருக்கிறோமே! மச்சானின் கையிலிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கி, மேலே இருந்த ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

"தம்பி, சாப்டியா? உடம்பு நல்லா இருக்கா?"

"இருக்குண்ணே. ஏன்?"

"மெதுவா இறக்கு. கீழ என் மச்சான் நிக்கிறான்."