ஆடு தின்று பார்த்த கீரை

எங்கள் பக்கத்தில் தெரியாத இலை எதையும் முதலில் ஆட்டுக்குத்தான் போட்டுப் பார்ப்பார்கள். ஆடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினால் எறிந்துவிடுவோம். தின்றுவிட்டு மறுநாளும் வழமைபோலக் கத்தினால் சட்டியில் போடுவோம். சண்டைக் காலத்தில் கஞ்சிக்கு இலை தேடித் திரிந்தபோது பழகிய பழக்கம். எங்கள் ஒழுங்கையில் ஆடு வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே ஊரில் முளைத்த இலையெல்லாம் என் படலைக்கு வந்தது.

அது உரத்துக்கும் பெற்றோலுக்கும் பஞ்சம் வந்த வருடம். நெல் பதராகிப் போயிருந்தது. சந்தை மரக்கறி தொட்டுப் பார்க்க முடியாத விலை. மாரி முடிந்து, குளத்து வெள்ளம் வடிந்த பள்ளத்தில் யாரும் முன்பு கண்டிராத ஒரு பூண்டு எழும்பியது. தண்டு சிவப்பு, இலை தடிப்பு. பார்த்தால் சாறணைக் கீரை மாதிரி. கசக்கினால் அந்த மணம் இல்லை.

பக்கத்து வளவுக்காரி அதில் ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வந்தாள். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குப் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறாள்.

“என்னவாம்?” என்றேன்.

“தேடிப் பாத்தவனாம். தின்னலாம் எண்டும் கிடக்காம், தின்னக்கூடாது எண்டும் கிடக்காம். அக்கா, உங்கட ஆட்டுக்கு ஒருக்காக் காட்டுங்கோவன்.”

ஆடு அப்போது சினை. பாலைத் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுத்துத்தான் எங்கள் வீடு ஓடியது. அது குட்டி போட்டுப் பால் கறந்தால்தான் மகள் கிளிநொச்சிக்கு வகுப்புக்குப் போகலாம். இல்லையென்றால் படிப்பை விட்டுவிட்டு அவளும் தையல் ஆலைக்குத்தான்.

“ரெண்டு இலை மட்டும் போடு” என்றேன். வேறென்ன சொல்வது, வளவுக்காரியின் மூன்று பிள்ளைகளும் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடு தின்றுவிட்டு இன்னும் கேட்டது. மறுநாள் காலை அவள் முகம்கூடக் கழுவாமல் வந்து ஆட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என்னை யாரும் அப்படிச் சுகம் விசாரித்ததில்லை. ஆடு நன்றாகத்தான் நின்றது.

அன்று நான் மண்ணெண்ணெய் வரிசைக்குப் போனேன். பகல் முழுக்க நின்றுவிட்டு வெறும் கானுடன் திரும்பினேன். ஆடு வயிறு ஊதி, வாயில் நுரை தள்ளி, காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் அந்தப் பூண்டு ஒரு கட்டு, பாதி தின்றபடி.

சத்தம் கேட்டுப் பக்கத்து வளவுக்காரி ஓடி வந்தாள். “பட்டினியா நிக்குதெண்டு நான்தான் அக்கா வெட்டிக்கொண்டு வந்து போட்டனான். எங்களுக்குத் திண்டு காட்டின ஆடெல்லோ” என்றாள்.

மிருக வைத்தியரைப் போனில் பிடித்தேன். வருவதற்குப் பெற்றோல் இல்லை என்றார். விவரத்தைக் கேட்டுவிட்டு, “சில கீரை அப்பிடித்தான் அம்மா. மனுசர் அவிச்சுத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது. ஆடு வெறுவயித்திலை பச்சையாக் கனக்கத் திண்டாத் தாங்காது” என்றார். நல்லெண்ணெய் பருக்கச் சொன்னார். போத்தலில் இருந்ததெல்லாம் பருக்கினேன். இருட்ட முன்னரே ஆடு அடங்கிவிட்டது. குட்டியும் உள்ளேயே போயிற்று.

மகள் அழவில்லை. புத்தகப் பையை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

பக்கத்து வளவுக்காரியை ஏச வேண்டும்போல வாய் துருதுருத்தது. என்ன சொல்லி ஏசுவது? களவெடுத்தாளா, வேலி பாய்ந்தாளா? கெட்ட மனத்தோடு செய்திருந்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்க ஏசியிருப்பேன். நல்ல மனத்தோடு செய்தவளிடம் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஆட்டைக் குழி வெட்டித் தாட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றபோது அவள் வந்தாள். கையில் மூடிய கோப்பை. உள்ளே வரவில்லை.

“வைத்தியர் சொன்னமாதிரி அவிச்சுத் தண்ணியை ஊத்திப்போட்டுத்தான் வறுத்தனான் அக்கா. பிள்ளையள் நேற்றே சாப்பிட்டிட்டுதுகள், ஒண்டும் செய்யேல்லை. உங்கட குசினியிலையும் ஒண்டுமில்லையெண்டு தெரியும்.”

ஆடு இல்லாத குறைக்குத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு எனக்குக் கொண்டு வந்திருந்தாள்.

வாங்கிக்கொண்டேன். மகளும் நானும் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டோம். துப்பிவிடுவேன் என்று நினைத்துத்தான் வாயில் வைத்தேன். மகள், இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். கீரை ருசியாகத்தான் இருந்தது. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.