சட்டைத் தூசி

கூரை ஷீட் கம்பெனியில் அறுக்கிற இடத்தில் நின்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஷீட்டுக்காரர். நாலு அண்ணன் தம்பிகளில் மூன்றாமவர். மூத்தவரும் அதே ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் நின்று, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அதைக் கண்ணால் பார்த்ததால் இவர் படு உஷார். வேலை நேரமெல்லாம் மூக்கில் துணி. வீட்டுக்கு வந்தால் பின்பக்கமாக நுழைந்து, சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு நேரே குளிக்கப் போய்விடுவார்.

வேலையை விட்ட பிறகும் லேசாக இருமல் வந்தால் போதும், "என் முறை வந்துடுச்சு போல" என்பார்.

"போகும்போது அந்த ஓட்டை சைக்கிளையும் எடுத்துட்டுப் போங்க. இடத்தை அடைக்குது" என்பாள் மனைவி.

கடைசியில் மூச்சு வாங்கியது அவளுக்குத்தான். முதலில் படியேறும்போது, அப்புறம் படுத்திருக்கும்போதே. நெஞ்சில் நீர் கோத்திருந்தது. டாக்டரம்மா இவரைத் தனியே கூப்பிட்டு, என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். சொன்னார்.

"உங்க சட்டையெல்லாம் யார் துவைச்சாங்க?"

"அவதாம்மா. நல்லா உதறிட்டுத்தான் தண்ணியில போடுவா." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அது பழைய கதைம்மா. இப்ப எப்படி?"

"இந்தத் தூசிக்கு அவசரமே கிடையாதுங்க ஐயா. முப்பது, நாற்பது வருஷம் சும்மா கிடந்துட்டுத்தான் வேலையைக் காட்டும். கூட இருந்தவங்களையும் ஒரு தடவை பார்த்துடணும்."

கூட இருந்தது சின்ன மகள். சட்டையின் மறுமுனையைப் பிடித்துத் தாயோடு சேர்ந்து உதறி, பறக்கிற வெள்ளைத் தூசியைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தவள். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளைச் சோதனைக்கு அனுப்பக் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே அது தாயின் காதுக்குப் போய்விடும். போகப்போகிறவளிடம், நான் கொண்டுவந்ததுதான் என்று எந்த முகத்தோடு சொல்வது? வாயை மூடிக்கொண்டு ஒரு வாரம் கிடந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி மனைவியிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் கொஞ்ச நேரம் மூச்சைத் திரட்டினாள். "உதறினது நான். நீங்களா உதறச் சொன்னீங்க? விடுங்க" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிய கை அப்படியே நின்றது.

"ஏங்க, சின்னவ?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

"டாக்டர் எப்போ சொன்னாங்க?"

"போன வாரம்."

"ஒரு வாரமா?"

கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே மகள் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து வந்தாள். "இப்போதைக்கு ஒண்ணும் இல்லையாம், அம்மா. வருஷா வருஷம் வந்து பார்க்கணுமாம்" என்றாள். தாய் அவள் தலையைத் தடவினாள். அதன்பின் பேசியதெல்லாம் மகளிடம்தான். ஷீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்தால் குடிப்பாள், திருப்பிப் படுக்க வைத்தால் படுப்பாள். அவர் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் கண்ணை மூடிவிட்டாள்.