காளான் கூட்டத்தில் ஒரு நன்றியுரை

எங்கள் சங்கத்தில் தலைமையுரைக்கு ஒருவர், சிறப்புரைக்கு ஒருவர், நன்றியுரைக்கு நான். இருபது வருடமாக இதுதான் ஏற்பாடு. பாரிஸின் லா ஷப்பலில் எங்கள் விழா எதுவானாலும், நன்றியுரை என்று அறிவித்த அடுத்த கணம் கதிரைகள் கிறீச்சிடும். சனம் சிற்றுண்டி மேசைக்குப் போய்விடும். ஒலிபெருக்கிக்காரருக்கு நான் நன்றி சொல்லும்போது அவர் பொரித்த ரோல்ஸ் கடித்துக்கொண்டு நிற்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடனாவது இருந்த இடத்தில் இருப்பான். எழும்பி ஓடுகிறவர்களில் முதல் ஆள் என் மனைவி. அதுதான் எனக்கு ஆறாத கோபம். ஒரே ஒரு ஆளாவது, ஒரே ஒரு முறையாவது, எங்கள் விழாவில் என் நன்றியுரையை முடிவுவரை இருந்து கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு பெரிய ஆசைகள் எனக்கில்லை.

சங்கத்தின் அறை ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடக்கு முனையில், ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இருக்கிறது. பூட்டுத் திறப்பு என்னிடம். போன இலையுதிர் காலத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி சனிக்கிழமைப் பின்னேரத்துக்கு அந்த அறையைக் கேட்டார். கூட்டத்தின் பொருள், 'சைக்கடெலிக் பண்பாடும் வணிகமும்.' அதாவது, உண்டால் இல்லாததையெல்லாம் கண்ணுக்குக் காட்டும் காளான்களைப் பற்றிப் பேசுகிறவர்கள். பேச்சு மட்டும்தான், ஒருவரும் எதையும் உட்கொள்ள மாட்டோம் என்று கையெழுத்து வைத்துத் தந்திருந்தார். எங்கள் செயலாளருக்கு அப்படியும் மனம் ஆறவில்லை.

"அண்ணை, சனம் ஒரு மாதிரிக் கதைக்கப்போகுது. நீங்கள் கடைசிமட்டும் உள்ளுக்கை இருந்து பார்த்துப் பூட்டிப்போட்டு வாங்கோ," என்றார் தொலைபேசியில்.

லா கூர்னெவ்வில் வீட்டைவிட்டு இறங்கும்போது மனைவி ஒரு தேநீர் ஃபிளாஸ்க்கைக் கையில் திணித்தாள். "ஆர் என்ன தந்தாலும் வாயிலை வைக்காதேங்கோ. பிளேன்ரீ இருக்கு. சீனி கூடப் போட்டிருக்கிறன்."

பன்னிரண்டு பேர் வந்தார்கள். நீளத் தலைமயிரும் பூப்போட்ட சட்டையுமாக ஒரு பட்டாளத்தை எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒரே ஒரு கிழவர்தான். மற்றவர்களைப் பார்த்தால் வங்கி அலுவலர்கள் என்றே சொல்லலாம். எல்லோரும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்தார்கள். மூன்று அறிவித்தல் ஒட்டியும் எங்கள் ஆட்களிடம் நடக்காத காரியம் அது. பிறகு வட்டமாக இருந்து ஒரு கூழாங்கல்லைக் கைமாற்றினார்கள். கல்லை வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம். அவர் முடித்ததும் எல்லோரும் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மௌனம். எங்கள் பொதுக்கூட்டத்தில் ஆளுக்காள் கல்லைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். யோசனையை அத்துடன் விட்டுவிட்டேன்.

கோட் போட்ட இளைஞர் ஒருவர் மடிக்கணினியில் படம் காட்டினார். காளானின் சத்து ஒருநாள் மனச்சோர்வுக்கு மருந்தாக வரும், இப்போதே கம்பனி தொடங்குகிறவன் கெட்டிக்காரன் என்றார். பூச்சட்டைக் கிழவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லை வாங்கி, "காட்டில் தானாக முளைப்பதைக் குளிசையாக்கி எங்களுக்கே விற்கப்போகிறாயா?" என்று கேட்டார். ஆகா, இனித்தான் கூட்டம் களைகட்டும் என்று நிமிர்ந்து இருந்தேன். பன்னிரண்டு பேரும் கண்ணை மூடி மௌனம் காத்தார்கள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

ஐந்து மணியளவில் கல் என் கைக்கு வந்தது. "இவ்வளவு நேரமும் எங்களோடு இருந்தீர்கள், நீங்களும் ஏதாவது சொல்லுங்கள்," என்றார் பெண்மணி. கரும்பு தின்னக் கூலியா? தவிர, நன்றியுரை இல்லாமல் ஒரு கூட்டம் முடிவதை என் உடம்பு தாங்காது. எழுந்து நின்று என் அரைகுறைப் பிரெஞ்சில் தொடங்கினேன். படியில் கிடந்த வெங்காய மூட்டையை ஒதுக்கித் தந்த கீழ்க்கடைக்காரருக்கு, சுவரில் தட்டாத பக்கத்து வீட்டாருக்கு, இன்றைக்கு வேலை செய்ய மனம் வைத்த சூடாக்கிக்கு, காட்டுக்கு, காளானுக்கு, சண்டை பிடிக்காமல் என்னை ஏமாற்றிய இருவருக்கும் நன்றி சொன்னேன். ஒன்பது நிமிடம். ஒருவர்கூட எழும்பவில்லை. பெண்மணி கண்ணைத் துடைத்தார். கோட்காரர் என் பக்கம் சாய்ந்து, "நீங்கள் என்ன எடுத்திருக்கிறீர்கள்?" என்று இரகசியமாகக் கேட்டார்.

"பிளேன்ரீ," என்றேன்.

சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல், அந்தப் பெண்மணியை எங்கள் ஆண்டு விழாவுக்கு அழைத்துவிட்டேன். அடுத்த மாதம் வந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல், முன்வரிசையில், மூன்று மணிநேரம். நன்றியுரை என்று அறிவித்தார்கள். கதிரைகள் கிறீச்சிட்டன. என் மனைவி வழக்கம்போல் முதல் ஆளாக எழும்பினாள். அந்தப் பெண்மணி மட்டும் அசையவில்லை. முழங்காலில் கைகளை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்நாள் ஆசை கண்முன்னே நிறைவேறிக்கொண்டிருந்தது. மேடை அலங்கரித்தவருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னேன்.

நாங்கள் இருவரும் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகளில் ரோல்ஸ் தூள்தான் கிடந்தது. எங்கள் விழாவில் என்னை முடிவுவரை கேட்ட ஒரே மனுசிக்கு ஒரு வடைகூட இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. அந்த நேரம் மனைவி இரண்டு கடதாசிப் பைகளோடு வந்து, ஒன்றை வழக்கம்போல் என்னிடம் நீட்டினாள். அதை அப்படியே விருந்தாளியிடம் கொடுத்துவிட்டு, இருபது வருடக் கோபத்தையும் சேர்த்துக் கேட்டேன்.

"நான் வாய் திறந்தவுடனை ஓடாட்டி உமக்குச் சரிவராதோ?"

"இஞ்சேருங்கோ, நான் ஓடாட்டி உங்களுக்கு ஆர் எடுத்து வைக்கிறது? நீங்கள்தானே எல்லாருக்கும் கடைசியா இறங்கி வாறனீங்கள். இருவது வருசமா இந்த ரோல்ஸ் தானா நடந்து வந்து உங்கடை கையிலை ஏறினது எண்டு நினைச்சனீங்களோ?"

சொல்லிக்கொண்டே தன்னுடைய ரோல்ஸை இரண்டாக முறித்துப் பெரிய பாதியை என்னிடம் தந்தாள். வெங்காய மூட்டைக்குக்கூட நன்றி சொன்னவன் நான். ஒவ்வொரு விழாவிலும் அவள் தந்த பையில் இருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே அவள்மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

வீடு திரும்பும் ரயிலில், லா கூர்னெவ் வருவதற்குச் சற்று முன், "நன்றி" என்றேன்.

அவள் யன்னலில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். "இவ்வளவு சுருக்கமாயும் சொல்லத் தெரியுமோ உங்களுக்கு?"