வறுக, வறுக!

“எல்லாரும் பாக்குற இடத்துல என் இங்கிலீஷைத் திருத்துனீங்களே அண்ணி, ஹார்ட் போட்ட எங்க பிரின்சிபல் இப்ப என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? இனிமே என் பக்கமே வராதீங்க!”

சொன்னது என் நாத்தனார் வசந்தா. சொன்ன இடம், சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் என் சமையலறை. அவள் பாலர் பள்ளியில் தமிழாசிரியை. பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் சோஷியல் மீடியாவில் படம் போட்டு, ஆங்கிலத்தில் ‘கிரேட்ஃபுல்’ என்று எழுதியிருந்தாள். எழுதியது, ‘ஆஹா, பிரமாதம்’ என்கிறோமே, அந்த கிரேட். நன்றிக்கு வர வேண்டியதோ தேங்காய் துருவுகிற கிரேட். கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் என் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்த வித்தை இது. பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக எனக்குத் தெரியாது. கமெண்டில் திருத்தினேன்.

அவள் மட்டும் என் தமிழைத் திருத்தாத நாள் உண்டா? “அண்ணி, கறி வேற, கரி வேற. நீங்க எங்களை அடுப்புக்கரி சாப்பிடக் கூப்பிட்டிருக்கீங்க” என்று குடும்பக் குரூப்பிலேயே எழுதினவள். நான் கோபித்துக்கொண்டேனா? பதினைந்து பேருக்கு நடுவே சிரித்தேன். அதற்கு மறுநாள் அவளே வந்து என் கறியை இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். எங்கள் பாசம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இல்லத்தரசி உத்தியோகத்தில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, கிடைத்துக்கொண்டிருந்தது லைக் ஒன்றுதான். அன்று அதையும் வேண்டாமென்று சோஷியல் மீடியா கணக்கையே மூடிவிட்டேன். உன் பக்கம் வரக் கூடாதா? சரி, எனக்கென்று ஒரு பக்கம் கட்டிக்கொள்கிறேன். சொந்த இணையதளம். பாஸ்வேர்ட் என்றதும் டைரியைத் தேடும் என் சக ஜீவன்களே, பிறகு பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஆளையே காணோம்

கணக்கை மூடிய வாரம், தேக்கா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ராணியக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். சனிக்கிழமை தவறாமல் இதே கடையில், இதே கூடைக்கு முன்னால் சந்திக்கிறவர்.

“என்னம்மா இந்திராணி, ஆளையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா? நாங்க பயந்தே போயிட்டோம்.”

“போன வாரம்தானேக்கா இங்க நின்னு முருங்கைக்காய் விலைக்குச் சண்டை போட்டோம்?”

“அது நேர்லதானே லா! நான் ஆன்லைனைச் சொல்றேன்.”

அப்பா வைத்த பேர்

இணையதளத்துக்கு முகவரி வேண்டும், அதை டொமைன் என்கிறார்கள். என் பெயரையே அடித்தேன். ‘கிடைக்காது’ என்றது. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நல்லவேளையாக எடுத்தவர் தமிழர். எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாரோ, அபார பொறுமை.

“மேடம், இந்தப் பேரை ஏற்கெனவே ஒரு பல் டாக்டர் எடுத்துட்டாங்க.”

“அது எப்படி எடுக்கலாம்? எங்கப்பா எனக்கு வச்ச பேருங்க அது. பர்த் சர்டிபிகேட் காட்டட்டுமா?”

நான் கால்மணி நேரம் உரிமைப் போராட்டம் நடத்தினேன். அவர் இருமிக்கொண்டார். கடைசியில், மிகவும் மரியாதையாக, “அப்பா வச்சிருக்கலாம் மேடம், ஆனா வருஷா வருஷம் ரெனியூ பண்ணலையே” என்றார்.

எந்தப் பட்டனை அமுக்க?

பெயருக்குப் பின்னால் ‘அண்ணி’ என்று சேர்த்ததும் முகவரி கிடைத்துவிட்டது. (ஏன் அண்ணி என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது.) லைக் கிடையாது, ஷேர் கிடையாது. கடைசியில் ஒரே ஒரு பெட்டி, வாசிப்பவர் சொல்ல வந்ததை முழு வாக்கியமாக எழுத.

இதைப் பெருமையாகப் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி மேடம் டானிடம் காட்டினேன். எழுத்து புரியாவிட்டாலும் என் ரசப்படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினார். நான் விளக்கினேன். நம்பவில்லை. மறுநாள் லிஃப்டில், கூட்டத்துக்கு நடுவே, என் முகத்துக்கு நேரே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, “நேத்து பட்டன் இல்ல லா, அதான் இப்ப கொடுக்கிறேன்” என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

ரெண்டு தடவையா?

திறப்பு விழா எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், இரண்டு பக்கமும் குத்துவிளக்குப் படம் வைத்து வரவேற்பு எழுதியிருந்தேன். கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்.

“வறுக, வறுக. எதை இந்திரா? மீனா, கத்தரிக்காயா?”

வல்லின ‘ற’ போட்டிருக்கிறேன்! என் உடம்பெல்லாம் எரிந்தது. திருத்தக் கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் வசந்தா நினைவுக்கு வந்தாள். இந்த ‘ற’வைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியுமா? சாமி கும்பிடும்போதுகூடக் கோயில் அறிவிப்புப் பலகையில் சந்திப்பிழை தேடுகிறவள். கையை எடுத்துக்கொண்டேன். பிழை அப்படியே கிடக்கட்டும். அது அவளுக்குப் போட்டு வைத்த நாற்காலி.

பலன், சமையல் குறிப்பு என்று நினைத்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பி பெட்டியில் எழுதியிருந்தார்: “அக்கா, ரூம்ல ஒரே அடுப்பு, பின்னாடி ஆளுங்க வெயிட் பண்றாங்க. ஒரு தடவை வறுத்தா போதாதா?”

சிரிப்பா, இருமலா?

வசந்தா இன்னும் மாடியேறி வரவில்லை. அண்ணனைப் பார்க்க வந்தால் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டு, அப்படியே பொங்கோலில் இருக்கும் தன் வீட்டுக்கு ரயிலேறிவிடுகிறாள். இவர் கையில் நான் கொடுத்துவிடும் கறி டப்பா மட்டும் போகிறது. கழுவித் துடைத்துக் காலியாகத் திரும்பி வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இவர் தன் போனிலேயே என் இணையதளத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தாராம். மேலே வந்த மனிதரைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை நான்.

“பாத்தாளா?”

“பாத்தா.”

“முதல் வரியை?”

“அதைத்தான் ரொம்ப நேரம் பாத்தா.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. காப்பி புரையேறுச்சோ என்னவோ, எனக்கெப்படித் தெரியும்?”

ஊர் உலகத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருத்தி பதிலுக்காகச் சொந்த வாசலில் தப்புத் தமிழைத் தொங்கவிட்டுத் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், இதுதான் என் இணையதளத்தின் மொத்த வரலாறு. பெட்டியின் மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி, அன்றே எழுதியும் வைத்துவிட்டேன்:

வசந்தா, முதல் வரியில ஒரு எழுத்து தப்பாயிருக்கு, எல்லாரும் பாக்குற இடத்துலயே வந்து திருத்தேம்மா.